ஒரே சந்து, ஒரே சிறுவன், ஐந்து இயக்குநர்கள்... பேட்மேன் பழிவாங்கினானா, மன்னித்தானா?

இருட்டான ஒரு சந்து. நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் அப்பா, அம்மா, சின்னப் பையன். எதிரே துப்பாக்கியோடு ஒருவன். இரண்டு முறை வெடிச்சத்தம். அறுந்த முத்துமாலையின் மணிகள் தரையில் உருள்கின்றன. இரண்டு உடல்களுக்கு நடுவே பையன் மட்டும் தனியாக நிற்கிறான்.

பேட்மேன் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். 'மறுபடியும் அந்த முத்துமாலையா?' என்று ரசிகர்களே கிண்டலடிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட காட்சி இது.

ஆனால், கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். ஒவ்வோர் இயக்குநரும் அந்தச் சந்தில் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறார். சுட்டவன் யார், அவனுக்குப் பிறகு என்ன ஆனது, அந்தப் பையன் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைத்தான்... இந்தச் சின்னச் சின்ன மாற்றங்கள்தான் படத்தின் மொத்தப் போக்கையும் தீர்மானிக்கின்றன. பெற்றோரைக் கொன்றவனைத் தேடிப் பழிவாங்கும் மகன் கதை நமக்கும் பழக்கமானதுதான். அந்தக் கதைக்கு ஹாலிவுட்டின் ஐந்து இயக்குநர்கள் ஐந்து விதமாக எழுதிய பதில்கள்தான் இந்தப் பேட்மேன்கள்.

(ஸ்பாய்லர் அலெர்ட்: எல்லாப் படங்களின் கிளைமாக்ஸும் கீழே வருகின்றன. பார்க்காதவர்கள் கவனம்!)

காகிதத்தில் பிறந்த இரவு

பேட்மேன் முதன்முதலில் வந்தது 1939 மே மாதத் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-வது இதழில். உருவாக்கியவர்கள் ஓவியர் பாப் கேன், எழுத்தாளர் பில் ஃபிங்கர். பல ஆண்டுகள் பாப் கேன் பெயர் மட்டுமே அச்சில் வந்தது. பில் ஃபிங்கர் 1974-ல் இறந்துவிட, அவருக்கான அங்கீகாரம் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 2015-ல்தான்.

முதல் கதையில் பேட்மேனுக்கு எந்த ஃப்ளாஷ்பேக்கும் கிடையாது. பணக்காரர் புரூஸ் வெய்ன் ஏன் வௌவால் வேஷம் போடுகிறார் என்ற காரணம், அதே ஆண்டு நவம்பரில் வந்த 33-வது இதழில்தான் சொல்லப்பட்டது. பெற்றோர் கொலையைக் கண்ணால் பார்த்த சிறுவன், இனி குற்றவாளிகளை எதிர்த்துப் போராடுவேன் என்று சபதம் எடுக்கிறான். அவ்வளவுதான். கொலைகாரனுக்கு ஜோ சில் என்று பெயர் வைக்கப்பட்டது 1948-ல். முத்துமாலை அறுந்து சிதறும் புகழ்பெற்ற காட்சியை மனதில் பதிய வைத்தது, 1986-ல் வந்த ஃப்ராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' காமிக்ஸ்.

சினிமாவுக்கு பேட்மேன் சீக்கிரமே வந்துவிட்டான். 1943-லும் 1949-லும் தலா 15 அத்தியாயங்கள் கொண்ட தொடர்படங்கள் வந்தன. 1966-ல் ஆடம் வெஸ்ட் நடித்த டி.வி. தொடர் ஹிட்டாக, அதே ஆண்டு லெஸ்லி மார்ட்டின்சன் இயக்கத்தில் முழுநீளப் படமும் வெளியானது. சுறாவை விரட்ட ஸ்பிரே, பளபள வண்ணங்கள் என்று அது முழுக்க முழுக்க காமெடி ரகம். வெடிக்கப்போகும் குண்டைக் கையில் தூக்கிக்கொண்டு துறைமுகம் முழுக்க ஓடுகிறார் பேட்மேன். ஒரு பக்கம் கன்னியாஸ்திரீகள், இன்னொரு பக்கம் குழந்தையோடு ஓர் அம்மா. சரி, தண்ணீரில் எறியலாம் என்றால் அங்கே வாத்துக் குஞ்சுகள்! பாவம், எறிய மனசு வரவில்லை.

விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் காட்சி. ஆனால், இந்த பேட்மேனின் கொள்கை ரொம்பத் தெளிவானது. வாத்துக் குஞ்சுகூடச் சாகக் கூடாது. அதற்கு அடுத்து வந்தவருக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை.

டிம் பர்ட்டன்: 'சுட்டவனே வில்லன்'

1989-ல் 'பேட்மேன்' படத்தை டிம் பர்ட்டன் இயக்கினார். ஹீரோ மைக்கேல் கீட்டன் என்று அறிவித்ததும் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். 'பீட்டில்ஜூஸ்' போன்ற படங்களில் காமெடி செய்தவர் பேட்மேனா என்று தயாரிப்பு நிறுவனமான வார்னர் பிரதர்ஸுக்குக் கண்டனக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. படம் வந்தபிறகு கதையே மாறியது. உலகம் முழுக்க சுமார் 41 கோடி டாலர் வசூல். ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்த கோத்தம் நகரத்துக்கு, கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் விருது. இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில் போட்ட அந்த செட்டில், கட்டடங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு தலைக்கு மேல் சாய்ந்து நிற்பதுபோல இருக்கும்.

இதில் சந்துக் காட்சி எப்படி? பாப்கார்ன் பொட்டலம் சிதறுகிறது. துப்பாக்கியோடு நிற்கும் இளைஞன் சிறுவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் பெயர் ஜாக் நேப்பியர். பிற்காலத்தில் ஜோக்கராக மாறப்போகிறவன்.

காமிக்ஸில் ஜோக்கருக்கும் புரூஸின் பெற்றோர் கொலைக்கும் சம்பந்தமே கிடையாது. ஊர் பேர் தெரியாத ஒரு திருடனின் இடத்தில் ஜோக்கரைக் கொண்டுவந்து நிறுத்தியது பர்ட்டன் படம்தான். இதனால் கதை கச்சிதமானது. ஹீரோவை உருவாக்கியவன் வில்லன். அதே வில்லனை ரசாயனத் தொட்டியில் விழவிட்டு ஜோக்கராக்கியவன் ஹீரோ. கிளைமாக்ஸில் இருவரும் இதைச் சொல்லியே ஒருவரையொருவர் குற்றம்சாட்டிக்கொள்கிறார்கள்.

கூடவே ஒரு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. சுட்டவன் கண்முன்னே கிடைத்துவிட்டால், மகன் என்ன செய்வான்? ஜோக்கரிடம் 'உன்னைக் கொல்லப்போகிறேன்' என்று நேராகவே சொல்கிறார் கீட்டனின் பேட்மேன். தேவாலயக் கோபுரத்தின் உச்சியில், தப்பிக்கப் பார்க்கும் ஜோக்கரின் காலை ஒரு கற்சிலையோடு கயிற்றால் பிணைத்துவிடுகிறார். சிலை பெயர்ந்து, ஜோக்கர் கீழே விழுந்து சாகிறார். கணக்கு முடிந்தது.

அதே படத்தில் ஒரு மௌனமான காட்சியும் உண்டு. பெற்றோர் இறந்த அதே சந்துக்கு வந்து இரண்டு ரோஜாக்களை வைத்துவிட்டுப் போகிறார் புரூஸ். வசனம் இல்லை. வளர்ந்த மனிதன் ஒருவன் இன்னும் அந்த இரவிலிருந்து வெளியே வரவில்லை என்பதை அந்த இரண்டு பூக்கள் சொல்லிவிடுகின்றன.

1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வந்தது. குழந்தையின் உருவம் பிடிக்காமல் பணக்காரப் பெற்றோரே ஆற்றில் தூக்கி எறிய, பாதாளச் சாக்கடையில் வளர்ந்தவன் பென்குயின். முதலாளியால் ஜன்னல் வழியே தள்ளிவிடப்பட்டுப் பிழைத்தவள் கேட்வுமன். அந்த முதலாளியைப் பழிவாங்கத் துடிக்கும் அவளிடம், முகமூடியைத் தன் கையாலேயே கிழித்தெறிந்துவிட்டு 'வேண்டாம், நாம் இருவரும் ஒன்றுதான்' என்று கெஞ்சுகிறார் பேட்மேன். அவள் கேட்கவில்லை. முதல் படத்தில் பழிவாங்கியவர், இரண்டாவது படத்தில் பழிவாங்காதே என்கிறார். இந்த முரணைப் பர்ட்டன் விளக்கவில்லை. பார்வையாளர்களிடமே விட்டுவிட்டார்.

அமெரிக்கப் பெற்றோர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. குழந்தைகளுக்கான பொம்மைகளோடு விளம்பரம் செய்யப்பட்ட படத்தில் இவ்வளவு இருட்டும் வன்முறையுமா என்று புகார்கள் எழுந்தன. வசூலும் சுமார் 26 கோடி டாலராகக் குறைந்தது. இயக்குநர் நாற்காலி கைமாறியது.

ஜோயல் ஷூமாக்கர்: கலர் பல்புக்கு நடுவே ஒரு நல்ல வசனம்

ஆடை வடிவமைப்பாளராகச் சினிமாவுக்கு வந்தவர் ஷூமாக்கர். அவருடைய கோத்தமில் இருட்டுக்கு இடமே இல்லை. எங்கு பார்த்தாலும் நியான் விளக்குகள், ராட்சதச் சிலைகள். 'பேட்மேன் ஃபாரெவர்' (1995) படத்தில் வால் கில்மர், 'பேட்மேன் அண்ட் ராபின்' (1997) படத்தில் ஜார்ஜ் குளூனி. இரண்டாவது படம் இன்றுவரை மோசமான சூப்பர் ஹீரோ படங்களின் பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கிறது. பேட்மேன் கிரெடிட் கார்டு நீட்டும் காட்சியை யார்தான் மறப்பார்கள்! ரசிகர்களை ஏமாற்றியதற்காகப் பின்னாளில் ஷூமாக்கரே மன்னிப்புக் கேட்டார்.

ஆனால், கேலிகளுக்கு நடுவே 'ஃபாரெவர்' செய்த ஒரு நல்ல காரியம் காணாமல்போய்விட்டது. சர்க்கஸில் வேலை செய்யும் டிக் கிரேசனின் மொத்தக் குடும்பத்தையும் டூ-ஃபேஸ் என்ற வில்லன் கொன்றுவிடுகிறான். பழிவாங்கத் துடிக்கிறான் டிக். அவனிடம் புரூஸ் சொல்வதன் சாரம் இது: அவனைக் கொன்றாலும் உன் வலி சாகாது, வளரும். பிறகு இன்னொரு முகத்தைத் தேடுவாய், அதற்கும் பிறகு இன்னொன்று. ஒருநாள் காலையில் விழித்துப் பார்க்கும்போது, வாழ்க்கை முழுக்கப் பழிவாங்குவதிலேயே போயிருக்கும்.

யோசித்துப் பாருங்கள். பர்ட்டன் படத்தில் நடந்தது என்ன என்று ஷூமாக்கர் படத்தின் புரூஸ் சொல்லும் வாக்குமூலம் இது. ஜோக்கர் செத்துவிட்டான், ஆனாலும் இவர் இன்னும் இரவுகளில் தூங்காமல் அலைகிறார்.

எல்லாரும் திட்டிய 'பேட்மேன் அண்ட் ராபின்' கிளைமாக்ஸிலும் இதே எண்ணம்தான். மிஸ்டர் ஃப்ரீஸ், தீராத நோயால் உறைநிலையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்றப் போராடும் விஞ்ஞானி. அவரை வீழ்த்திய பிறகு பேட்மேன் அடிக்கவில்லை. 'நீங்கள் ஒரு காலத்தில் டாக்டராக இருந்தவர்' என்று நினைவூட்டி, நோயில் படுத்திருக்கும் தன் வளர்ப்புத் தந்தை ஆல்ஃப்ரெடுக்காக மருந்து கேட்கிறார். வில்லனும் கொடுக்கிறார். நல்ல கதைதான். பளபளப்பும் பஞ்ச் வசனங்களும் அதை மூடிவிட்டன.

கிறிஸ்டோபர் நோலன்: 'நீதி வேறு, பழி வேறு'

எட்டு ஆண்டுகள் பேட்மேன் பக்கம் யாரும் வரவில்லை. 2005-ல் 'பேட்மேன் பிகின்ஸ்' எடுத்தார் நோலன். அவர் முதலில் கை வைத்ததே அந்தச் சந்தில்தான்.

இதில் குடும்பம் போவது சினிமாவுக்கு அல்ல, ஓபரா நிகழ்ச்சிக்கு. மேடையில் வௌவால் போன்ற உருவங்களைப் பார்த்துப் பயந்துபோகும் சிறுவன், 'வெளியே போகலாம்' என்கிறான். அவனுக்காகத்தான் பெற்றோர் பாதியில் எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சந்துக்கு வருகிறார்கள். துயரத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. 'நான் பயப்படாமல் இருந்திருந்தால்...' என்ற எண்ணம் ஒரு குழந்தையின் தோளில் எவ்வளவு கனக்கும்? அது தெரிந்துதான், உயிர் பிரியும் நேரத்தில் அப்பா மகனிடம் 'பயப்படாதே' என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

சுடுபவன் ஜோ சில். மாஸ்டர் மைண்ட் எல்லாம் இல்லை. கை நடுங்கும் ஏழைத் திருடன். உடனே பிடிபட்டு ஜெயிலுக்கும் போகிறான். 14 ஆண்டுகள் கழித்து அவன் விடுதலையாகும் நாளில், கோட்டுக்குள் துப்பாக்கியை ஒளித்துக்கொண்டு வருகிறான் இளைஞன் புரூஸ். ஆனால், அவனுக்கு முன்னால் வேறொருவர் சுட்டுவிடுகிறார். ஒரு மாஃபியா தலைவன் ஏவிய ஆள்.

இந்த ஒரு திருப்பத்தில் நோலன் எல்லா சூப்பர் ஹீரோ படங்களிலிருந்தும் விலகிப்போகிறார். பழிவாங்கவேண்டியவன் செத்துவிட்டான், ஆனால் மகனுக்கு எந்த நிம்மதியும் இல்லை. நடந்ததைத் தோழி ரேச்சலிடம் சொல்ல, அவளிடமிருந்து விழுவது கன்னத்தில் அறை. நீதி என்பது ஊருக்கானது, பழி என்பது உன் மனசை ஆற்றிக்கொள்வதற்கானது என்பது அவள் வாதம். துப்பாக்கியைத் தண்ணீரில் வீசுகிறான் புரூஸ். அதன்பிறகுதான் பேட்மேன் பிறக்கிறான்.

2008-ல் வந்த 'தி டார்க் நைட்' அந்தக் கொள்கைக்கு வைத்த பரீட்சை. ஜோக்கராக ஹீத் லெட்ஜர். படம் வெளியாவதற்கு முன்பே, 2008 ஜனவரியில் இறந்துபோன அவருக்கு, மறைவுக்குப் பிறகு துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. உலக வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. இந்த ஜோக்கருக்குப் பணம் வேண்டாம், ஊரும் வேண்டாம். நல்லவர்களும் ஒருநாள் கொலை செய்வார்கள் என்று நிரூபித்தால் போதும். பேட்மேனைச் சீண்டி, தன்னையே கொல்ல வைக்கப் பார்க்கிறான்.

ஒரே வில்லன், இரண்டு வீழ்ச்சிகள்

பர்ட்டனையும் நோலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காட்சி போதும். இரண்டு படங்களின் கிளைமாக்ஸிலும் ஜோக்கர் உயரமான கட்டடத்திலிருந்து விழுகிறான்.

1989-ல் விழுந்தவன் விழுந்தவன்தான். 2008-ல் விழும் ஜோக்கர் சிரித்துக்கொண்டே போகிறான், தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து. ஆனால், பேட்மேன் கயிறு வீசி அவனை மேலே இழுக்கிறார். தலைகீழாகத் தொங்கும் ஜோக்கரின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்துபோகும். கேமராவும் மெதுவாகச் சுழன்று அவன் முகத்தை நேராகக் காட்டும். உலகமே தலைகீழானதுபோல இருக்கும்.

அதற்காக நோலனின் பேட்மேன் கறைபடாதவர் என்று சொல்லிவிட முடியாது. 'பிகின்ஸ்' கிளைமாக்ஸில் 'உன்னைக் கொல்ல மாட்டேன், ஆனால் காப்பாற்றவேண்டிய கட்டாயமும் எனக்கில்லை' என்று ஓடும் ரயிலில் வில்லனை விட்டுவிட்டுப் பறக்கிறார். 'டார்க் நைட்' முடிவில் கோர்டனின் மகனைக் காப்பாற்றப் பாயும்போது ஹார்வி டென்ட் விழுந்து இறக்கிறார். கொள்கை வைத்திருப்பது ஒன்று, அதைக் கடைசிவரை காப்பாற்றுவது வேறு. நோலன் அந்த இடைவெளியை மறைக்கவில்லை.

2012-ல் 'தி டார்க் நைட் ரைசஸ்'. பாதாளச் சிறையிலிருந்து புரூஸ் ஏறி வெளியே வரும்போது தூரத்தில் ஒரு கோட்டை தெரியுமே, அது நம் ராஜஸ்தானின் ஜோத்பூரில் உள்ள மெஹ்ரான்கர். இந்தப் படத்தின் முடிவில்தான் நோலன் தன் சந்துக் காட்சியின் கடைசிச் சீட்டை எடுக்கிறார். பெற்றோர் இறந்த இரவில், காவல் நிலையத்தில் சிறுவன் புரூஸின் தோளில் ஒரு கோட்டைப் போர்த்திய சாதாரணப் போலீஸ்காரர்தான் கோர்டன். உலகம் முடிந்துவிடவில்லை என்று ஒரு சிறுவனுக்கு உணர்த்த அந்தக் கோட்டு போதும், அதைச் செய்யும் யாரும் ஹீரோதான் என்கிறார் பேட்மேன். மூன்று படங்கள், ஏழு ஆண்டுகள். கடைசியில் மிஞ்சியது தோளில் விழுந்த ஒரு கோட்டு.

ஜாக் ஸ்னைடர்: பேட்மேனே துப்பாக்கிக்காரன் ஆனால்?

'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' (2016) தொடங்குவதே சந்தில்தான். ஸ்லோமோஷன் மன்னரான ஸ்னைடர் அதை ஓர் ஓவியம்போலவே எடுத்திருப்பார். துப்பாக்கியின் முனை முத்துமாலைக்குள் சிக்கி, சுடும்போது மாலை அறுகிறது. அப்பா இதில் சும்மா நிற்கவில்லை. முஷ்டியை மடக்கிக்கொண்டு முன்னால் பாய்கிறார். மனைவியின் பெயரைச் சொல்லியபடி சாகிறார். மார்த்தா.

பென் அஃப்ளெக்கின் பேட்மேன் 20 ஆண்டுகள் சண்டை போட்டுக் களைத்தவர். குற்றவாளிகளின் உடம்பில் வௌவால் முத்திரையைச் சூடு போடுகிறார். துப்பாக்கியும் எடுக்கிறார், உயிர்களும் போகின்றன. 'இவர் பேட்மேனே இல்லை' என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்ததற்கு இதுதான் காரணம்.

சூப்பர்மேனும் இன்னொரு வேற்றுக்கிரகவாசியும் மோதியதில் வெய்ன் நிறுவனக் கட்டடம் இடிந்து விழுகிறது. புழுதிக்குள் ஓடும் புரூஸ் ஒரு சிறுமியைத் தூக்கி அணைத்துக்கொண்டு, 'அம்மா எங்கே?' என்று கேட்கிறார். அவள் இடிந்த கட்டடத்தை நோக்கிக் கை காட்டுகிறாள். அந்தச் சிறுமியிடம் தன்னைத்தான் பார்க்கிறார் புரூஸ். கோபம் முழுக்க சூப்பர்மேன் மீது திரும்புகிறது.

கிளைமாக்ஸில் வீழ்ந்து கிடக்கும் சூப்பர்மேனின் நெஞ்சுக்கு நேராக ஈட்டியை ஓங்குகிறார். அப்போது சூப்பர்மேன் தன் தாயின் பெயரைச் சொல்கிறார். அதுவும் மார்த்தா! உடனே கை நின்றுவிடுகிறது. இணையத்தில் ஆண்டுக்கணக்கில் மீம் போட்டுத் தீர்த்த காட்சி. 'அம்மா பேரு ஒண்ணா இருந்தா ஃப்ரெண்ட் ஆகிடுவாங்களா?' என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சொன்ன விதம் அவசரமாகத்தான் இருக்கிறது.

ஆனால், ஸ்னைடர் சொல்ல வந்தது பெயர்ப் பொருத்தத்தை இல்லை. அந்த நொடியில் தரையில் கிடப்பவன் அப்பாவைப்போல மார்த்தா என்கிறான். மேலே ஆயுதத்தோடு நிற்பது தான். சந்தில் துப்பாக்கியோடு நின்றவனின் இடத்துக்குத் தானே வந்துவிட்டது புரூஸுக்கு உறைக்கிறது. மற்ற நான்கு இயக்குநர்களும் அவரை இந்த அளவுக்குக் கொண்டுபோகவில்லை.

ஸ்னைடரின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்த படமான 'ஜஸ்டிஸ் லீக்' வேலைகளின்போது தன் மகளை இழந்தார். படத்திலிருந்து விலகினார். ஜாஸ் வீடன் முடித்துக்கொடுத்த இரண்டு மணி நேரப் படம் 2017-ல் வெளியாகித் தோல்வியடைந்தது. ரசிகர்கள் விடாமல் குரல் கொடுக்க, 2021-ல் நான்கு மணி நேரப் படமாக ஸ்னைடரின் வடிவம் ஓ.டி.டி-யில் வந்தது. ஒரே கதை, இரண்டு கைகள். வீடன் முடித்த படத்தில் சைபோர்க்கின் அப்பா உயிர்பிழைக்கிறார். ஸ்னைடரின் படத்தில் மகன் கண்முன்னே உயிரைக் கொடுக்கிறார், பிறகு அவர் விட்டுச்சென்ற குரல் பதிவைக் கேட்டு மகன் எழுந்து நிற்கிறான். படத்தைத் தன் மகளுக்குச் சமர்ப்பித்திருக்கிறார் ஸ்னைடர்.

மேட் ரீவ்ஸ்: சந்தே இல்லாத பேட்மேன்

2022-ல் வந்த 'தி பேட்மேன்' படத்தில் மேட் ரீவ்ஸ் செய்த துணிச்சலான காரியம், சந்துக் காட்சியை எடுக்காமலே விட்டது. முத்துமாலை இல்லை, துப்பாக்கி இல்லை. அதற்குப் பதிலாக அப்பாவை இழந்த வேறொரு சிறுவன் வருகிறான்.

ஹாலோவீன் இரவில் ரிட்லர் என்ற தொடர்கொலைகாரன் கோத்தமின் மேயரைக் கொல்கிறான். உடலை முதலில் பார்த்தது மேயரின் மகன். கொலை நடந்த வீட்டில் அந்தப் பையனைப் பார்த்ததும் ராபர்ட் பாட்டின்சனின் பேட்மேன் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறார். வசனம் எதுவும் இல்லை. நமக்குப் புரிந்துவிடுகிறது.

ரீவ்ஸ் அடுத்து வைப்பது இதுவரை எந்த பேட்மேன் படமும் கேட்காத கேள்வி. ரிட்லரும் ஓர் அநாதைதான். மாளிகையில் வளர்ந்த பணக்கார அநாதைக்காக ஊரே அழுதது. எலிகள் கடிக்க, குளிரில் செத்துப்போன ஏழை அநாதைகளுக்காக யார் அழுதார்கள் என்கிறான் அவன். வில்லன் சொன்னாலும் கேள்வி நியாயமானதுதான். புரூஸின் அப்பாவும் அப்பழுக்கற்றவர் இல்லை என்று இந்தப் படம் சொல்கிறது. பெற்றோரைக் கொன்றது யார் என்பதற்கும் முடிவான பதில் கிடையாது. பழிவாங்கவேண்டும் என்று நினைத்தாலும் ஆள் தெரியாது.

படத்தின் தொடக்கத்தில் ரவுடிகள் 'யார் நீ?' என்று கேட்கும்போது, 'நான்தான் பழி' என்கிறார் பேட்மேன். கிளைமாக்ஸில் பொதுமக்களைச் சுட வந்த ரிட்லரின் ஆட்களில் ஒருவன் பிடிபடுகிறான். 'யார் நீ?' என்ற கேள்விக்கு அவன் சொல்வதும் அதே பதில். தான் ஊருக்குள் விதைத்த வார்த்தை எங்கே போய் முளைத்திருக்கிறது என்று அதிர்ந்துபோகிறார் பேட்மேன்.

அடுத்து அவர் செய்வதுதான் முக்கியம். வெள்ளத்தில் மூழ்கும் அரங்குக்குள் குதிக்கிறார். சிவப்புத் தீவட்டியைக் கொளுத்திக்கொண்டு, இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களை நோக்கிக் கையை நீட்டுகிறார். எல்லாரும் தயங்குகிறார்கள். இவ்வளவு நேரமும் அவர்களுக்கும் இந்த உருவத்தைப் பார்த்துப் பயம்தானே! முதலில் கையைப் பிடிப்பது மேயரின் மகன். அவன் பின்னால் மற்றவர்கள். பொழுது விடியும்போது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றப்படும் ஒரு பெண் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள். இரவின் ஹீரோவைப் பகல் வெளிச்சத்தில், யாரையும் அடிக்காமல் நிற்கவைத்தார் ரீவ்ஸ்.

ஒரே பார்வையில்...

* டிம் பர்ட்டன்: சுட்டவன் ஜோக்கர். மகன் பழிவாங்கினான்.
* ஜோயல் ஷூமாக்கர்: பழிவாங்கியும் வலி போகவில்லை என்று இன்னொரு பையனுக்குப் புத்தி சொன்னான்.
* கிறிஸ்டோபர் நோலன்: சுட்டவனை வேறு யாரோ கொன்றார்கள். மகன் துப்பாக்கியைத் தூக்கி எறிந்தான்.
* ஜாக் ஸ்னைடர்: மகனே சுட்டவனின் இடத்துக்குப் போய், கடைசி நொடியில் திரும்பி வந்தான்.
* மேட் ரீவ்ஸ்: சுட்டவன் யார் என்றே தெரியாது. மகன் இன்னொரு சிறுவனுக்குக் கை கொடுத்தான்.

பேட்மேனுக்குப் பறக்கத் தெரியாது, இரும்பு உடம்பும் கிடையாது. அதனால் இயக்குநர்களுக்கு விளையாட இடம் கிடைக்கிறது. எட்டு வயதில் எல்லாவற்றையும் இழந்த ஒருவன் அந்தக் கோபத்தை என்ன செய்வான் என்பதுதான் இந்தக் கதையின் மையம். அந்தக் கேள்விக்கு விலை அதிகம். கோபத்தை ஊதி வளர்த்தால் ஒரு ரிட்லர் கிடைப்பான். யாராவது ஒருவர் தோளில் கோட்டைப் போர்த்தினால், கையைப் பிடித்தால், வேறொரு மனிதன் கிடைப்பான். இந்த வரிசையில் ஒவ்வொரு படமும் சிறந்த படம் என்று சொல்ல முடியாது. ஆனால், வரிசையாகப் பார்க்கும்போது ஒரே பையன் 33 ஆண்டுகளில் மெல்ல மெல்ல வளர்ந்ததுபோல இருக்கிறது.

வீட்டில் யார், எதைப் பார்க்கலாம்?

சின்னக் குழந்தைகளோடு: 1966 படம். வாத்துக் குஞ்சுகளுக்காகவே பார்க்கலாம்.

பதின்வயதுப் பிள்ளைகளோடு: 'பேட்மேன் பிகின்ஸ்'. பயம், குற்ற உணர்ச்சி பற்றிப் பேச நல்ல வாய்ப்பு. அது பிடித்தால் 'தி டார்க் நைட்', ஆனால் ஜோக்கர் வரும் சில காட்சிகள் நிஜமாகவே மிரட்டும்.

பழைய பாணி ரசிகர்களுக்கு: பர்ட்டனின் 1989 படம். செட்டுக்கும் டேனி எல்ஃப்மேனின் இசைக்கும் இன்றும் வயதாகவில்லை.

பெரியவர்களுக்கு மட்டும்: ஸ்னைடரின் நான்கு மணி நேர 'ஜஸ்டிஸ் லீக்'. ரத்தமும் அதிகம், நீளமும் அதிகம். அத்தியாயங்களாகப் பிரித்திருப்பதால் இரண்டு மூன்று நாள்களில் பார்க்கலாம்.

நேரமும் பொறுமையும் இருப்பவர்களுக்கு: ரீவ்ஸின் 'தி பேட்மேன்'. ஏறக்குறைய மூன்று மணி நேரம், கொலைக் காட்சிகள் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். ஆனால், அந்தச் சிவப்பு வெளிச்சக் காட்சிக்காகக் காத்திருக்கலாம்.

உங்கள் வீட்டில் ஆளுக்கொரு பேட்மேன் இருக்கலாம். அப்பாவுக்கு கீட்டன், அக்காவுக்கு பேல், தம்பிக்கு பாட்டின்சன். யார் சிறந்தவர் என்ற சண்டை அவ்வளவு சீக்கிரம் ஓயாது. அடுத்தமுறை அந்தச் சண்டை வந்தால், சண்டைக் காட்சிகளையும் காரையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் பேட்மேன் அந்தக் கோபத்தை என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள்.